இலேசான சமையலின் எல்லை: சிங்கப்பூர் அறைவாடகைச் சாசனங்கள் குறித்த ஓர் ஆய்வு

மனிதன் முதலில் குகையில் வாழ்ந்தான். குகைக்கு வாடகை இல்லை. பிறகு வேலை அனுமதிச் சீட்டோடு சிங்கப்பூருக்கு வந்தான். மனிதகுலத் தோற்றத்திலிருந்து தொடங்காத ஆய்வேட்டை எந்தத் துறையும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை என்பதால் இம்மூன்று வாக்கியங்கள் இங்கே இடம்பெற்றன. இனி நேரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக்குள் நுழையலாம்.

ஆய்வின் நோக்கம்: சிங்கப்பூரில் அறை எடுப்போரின் ஒப்பந்தங்களில் 'இலேசான சமையல் மட்டும்' என்றொரு நிபந்தனை வருகிறது. அந்த இலேசு எந்த இடத்தில் முடிகிறது என்று காண்பது.

ஆய்வின் தேவை: ஆய்வாளருக்குப் பசித்தது.

முதன்மைச் சான்று, அங் மோ கியோவில் ஒரு நாலறை வீட்டின் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தத்தால் பொருத்தப்பட்ட ஒரு தாள். இனி இது 'குளிர்பெட்டிச் சாசனம்' எனச் சுட்டப்பெறும். நாலறை வீட்டில் படுக்கையறை மூன்றுதான். கூடத்தையும் ஓர் அறையாகச் சேர்த்து எண்ணுவது வீவக கணக்கு. ஊரிலிருந்து புதிதாக வருபவர் நான்காவது அறையைச் சிறிது நேரம் தேடுவார். பிறகு தேட மாட்டார். துணைமைச் சான்றுகள், வீட்டு ஏஜெண்டின் வாட்ஸ்அப் குறுஞ்செய்திகள். இவற்றுள் கையெழுத்துக்கு முந்தியவை புனைவிலக்கியம் என்றும், பிந்தியவை மௌனம் என்றும் வகைப்படுத்தப்பட்டன.

ஆய்வின் எல்லை: மலேசியரல்லாத கட்டுமானத் தொழிலாளர் வீவக வீட்டில் அறை எடுக்க விதி இடம் தருவதில்லை. அவர்கள் இருப்பது தொழிலாளர் விடுதிகளில். அவர்களில் பலருக்குச் சோறு பொட்டலத்தில் வருகிறது, மதியத்துக்கு உரியது விடியுமுன்பே. இந்தப் புளோக்குகளையும் ரயில் சுரங்கங்களையும் எழுப்பியவர்களில் புதுக்கோட்டைக்காரரும் சிவகங்கைக்காரரும் நிறையப் பேர். ஆயினும் அவர்களிடத்தில் சமையலின் எல்லை என்ற சிக்கலே எழவில்லையாதலால், கல்விப்புல மரபின்படி அவர்களை 'எதிர்கால ஆய்வுக்குரியன' என்ற பத்தியில் சேர்த்தேன். அந்தப் பத்தி பக்க வரம்பு கருதி நீக்கப்பட்டது.

இயல் 1: செலவினங்கள்

வாடகை. கட்ட வேண்டும். குளியலறை ஒட்டிய மாஸ்டர் ரூமுக்குக் கூடுதல். பொதுக் குளியலறைக்கு வரிசையில் நிற்கும் காமன் ரூமுக்குக் குறைவு, அதாவது மாதம் 800 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 1,200 வரை. 2022ஆம் ஆண்டில் மட்டும் தனியார் வீடுகளின் வாடகைக் குறியீடு ஏறத்தாழ 30 விழுக்காடு ஏறியது. அவ்வாண்டு ஒப்பந்தம் புதுப்பித்தவர்களிடம் இது பற்றி நேர்காணல் நடத்த முயன்றேன். அவர்கள் பேசிய சொற்கள் ஆய்வேட்டில் அச்சேறத் தக்கவை அல்ல.

முன்பணம். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாதம். திரும்பி வரும் என்பது நம்பிக்கை சார்ந்தது. சமயவியல் துறை கவனிக்க.

முத்திரைத் தீர்வை. ஒப்பந்தக் கால மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் செலுத்த வேண்டும்.

தூதர் ஷரத்து. இதனால் இதுவரை பயனடைந்த தூதர் எவரையும் கண்டதில்லை. ஈராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் வேலை போய் நாடு திரும்ப நேரும் வெளிநாட்டவர், வழக்கமாகப் பன்னிரண்டு மாதம் கழித்து, இரண்டு மாத முன்னறிவிப்போடு தண்டமின்றி வெளியேற இது வழிசெய்கிறது. தஞ்சாவூர்க் கணினிப் பொறியாளர் ஒருவர் ஆட்குறைப்புக்கு உள்ளாகும் கணத்தில் வியன்னா ஒப்பந்தத்தின் கம்பீரத்தை அடைகிறார்.

ஏர்கான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டியது குடியிருப்பவர் பொறுப்பு. இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை மட்டும் போடலாம். ஞாயிறு மதியம் வியர்ப்பது உரிமை மீறல்.

பியுபி. மின்சாரமும் எரிவாயுவும் 1995இலேயே பியுபி என்னும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கையை விட்டுப் போய்விட்டன. பில் எஸ்பி குழுமத்திலிருந்து வருகிறது. அறை விளம்பரங்கள் இன்னும் 'பியுபி உட்பட' என்கின்றன.

போக்குவரத்து. 'எம்ஆர்டிக்கு ஐந்து நிமிடம்' என்று விளம்பரத்தில் இருந்தால் அது ஏஜெண்டின் மோட்டார் சைக்கிள்.

இங்கு ஒன்றை உற்றுநோக்குக. ஓர் அறையை ஆறு மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக் கூடாது என்று வீவக சொல்கிறது. ஒரு வீட்டில் உறவினரல்லாதவர் ஆறு பேர் என்றிருந்ததை, நாலறையும் அதற்கு மேலுமான வீடுகளுக்கு 2024 ஜனவரியிலிருந்து தற்காலிகமாக எட்டு ஆக்கியிருக்கிறது. விழுக்காட்டில் பத்தில் நான்கு பங்கு, பதினான்கு நாள், எட்டுத் தலை என்று எதற்கும் எண் உண்டு. தினமும் மூன்று வேளை வயிற்றைத் தொடும் ஒரே ஒரு நிபந்தனைக்கு மட்டும் எண்ணும் இல்லை, அளவும் இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் இவ்வாய்வாளர் தம் வாழ்க்கையைப் பணயம் வைத்தார்.

இயல் 2: பகுப்பு

சமையல் நிபந்தனைகள் ஐந்து வகைப்படும். கள ஆய்வில் கிடைத்தவை நான்கு. தமிழில் நான்காகப் பகுத்த எதுவும் மாநாட்டு மலரில் ஏறாது என்பதால் ஐந்தாவது, கட்டுரை அனுப்ப வேண்டிய கடைசி நாளுக்கு முந்திய இரவு கண்டுபிடிக்கப்பட்டது.

முதலாவது, சமையலே கூடாது. இரண்டாவது, வெந்நீர் மட்டும். மூன்றாவது, இலேசான சமையல். நான்காவது, தாராளமாகச் சமைக்கலாம். இது அரிது, அரிது என்பது வாடகையில் தெரியும். ஐந்தாவது பாலை. முன் சொன்ன நான்கும் தம் இயல்பு திரிந்து நிற்கும் காலம் இது. வீட்டுக்காரர் வார இறுதியில் எல்லை தாண்டி ஜோகூர் பாருவுக்குச் சாமான் வாங்கப் போயிருப்பார். பிரிவு உரிப்பொருள். கருப்பொருள் கருவாடு. பொழுது சனிக்கிழமை நண்பகல். இதற்கு மாநாட்டு அரங்கில் கைதட்டல் கிடைத்தது. மற்ற நான்கும் உண்மை என்பதால் கிடைக்கவில்லை.

இயல் 3: மூன்றாம் வகை

மூலம்: 'இலேசான சமையல் மட்டும்' (குளிர்பெட்டிச் சாசனம், வரி 3).

இதற்கு மூன்று உரைகள் வழங்குகின்றன. ஏஜெண்ட் உரை மிகப் பழையது, மிகச் சுருக்கமானது: 'கேன் லா' (செய்யலாம்) என்பதே முழு உரையும். எதைக் கேட்டாலும் இதுவே உரை. மேகி? கேன் லா. முட்டை? கேன் லா. ஆட்டுக்கால் பாயா? அதற்கும் கேன் லா என்றவர், ஒப்பந்தம் கையெழுத்தானபின் தம் உரையைத் தாமே மறுத்தார் என்பதிலிருந்து உரையாசிரியர் ஒருவரா இருவரா என்ற ஐயம் பிறக்கிறது.

இரண்டாவது, முன்னர் அதே அறையில் இருந்த திருச்சிக்காரர் உரை. இது எழுத்தில் இல்லை. அகழாய்வில் மீட்கப்பட்டது. சமையலறை மேல் அலமாரியின் பின்மூலையை அடுக்கு அடுக்காக அகழ்ந்தபோது மேலடுக்கில் பிரிக்காத மேகி மசாலாப் பொட்டலங்கள் நான்கும், இடையடுக்கில் விமான நிறுவனப் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றும், கீழடுக்கில் பாதி தீர்ந்த பெருங்காய டப்பி ஒன்றும் கிடைத்தன. பெருங்காயம் இருந்தமையால் தாளிப்பு இருந்தது என்க. பாதி தீர்ந்திருந்தமையால் சில காலம் இருந்தது என்க. மீதி பாதி எஞ்சியமையால் திடீரென நின்றது என்க. ஏன் நின்றது எனின், அவர் இப்போது ஜூரோங்கில் இருக்கிறார்.

மூன்றாவது, வீட்டுக்கார ஆன்ட்டியின் மகன் உரை. வேறு பேட்டையில் வசிக்கும் அவர் மாதம் ஒருமுறை வருவார். 'அம்மாவுக்கு நெடி ஆகாது' என்பது அவர் துணிபு. இவ்வுரை ஏற்புடையதன்று. என்னை? ஆன்ட்டி தாமே பெலாச்சான் போட்டுச் சம்பால் வறுக்கும் நாளில் மின்தூக்கியில் ஏறும்போதே எட்டாம் மாடி வந்துவிட்டது என்று தெரியும். ஆகவே நெடி என்பது பொதுப்பெயர். யார் வறுத்த நெடி என்பதே ஆய்வுக்குரியது.

மூலத்தையே மீண்டும் நோக்கியபோது, மூன்றாம் வரியை அடுத்து அழிந்த எழுத்துகள் சில புலப்பட்டன (மேற்படி, வரி 3, மெர்லயன் காந்தத்தை இரண்டு விரற்கடை இடப்புறம் நகர்த்திய பின்). இன்னும் நுணுகியபோது பின்பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று தெரிந்தது (மேற்படி, காந்தத்தை முற்றிலும் எடுத்து, சோயா சாஸ் கறையை ஈரத் துணியால் ஒற்றி, சமையலறை ஜன்னலுக்கு எதிரே மாலை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஆன்ட்டி குளிக்கும் நேரத்தில்). இது 4டி லாட்டரிக்காக ஆன்ட்டி குறித்துவைத்த எண் என்பது ஒரு கட்சி. ஆண்டுக் குறிப்பு என்பது மறு கட்சி. என் நண்பரான பேராசிரியர் ஒருவர் அதைக் கிறிஸ்துவுக்கு முந்திய ஆண்டாகக் கொண்டு, அங் மோ கியோவில் அறைவாடகை சிந்துவெளிக்கு முந்தியது என்று நிறுவ முன்வந்தார். எதைக் கொடுத்தாலும் பின்னோக்கிக் கொண்டுபோவதில் அவர் கைதேர்ந்தவர். எந்த மாநாட்டிலும் அவருக்கு முதல் வரிசை. அந்த எண் ஒரு புதன்கிழமைக் குலுக்கலில் ஆறுதல் பரிசு பெற்றபோது நண்பர் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

உரைகள் முரண்பட்டதால் சோதனை முறை மேற்கொள்ளப்பட்டது. வெந்நீர்: எதிர்வினை இல்லை. அவித்த முட்டை: இல்லை. மேகி: 'நல்லதுதானா, உடம்புக்கு?' என்ற விசாரிப்பு. சோறு, மின்குக்கரில்: இல்லை, அவர்கள் வீட்டிலும் அதே குக்கர், அதே தாய்லாந்து அரிசி. பருப்பு வேகவைத்தல்: கூடத்தில் தொலைக்காட்சி ஒலி சற்றே குறைந்தது. ரசம், தாளிக்காமல்: எதிர்வினை ஆன்ட்டியிடம் இல்லை, உண்டவரிடம் இருந்தது.

எனவே எல்லை தாளிப்பில் இருக்கிறது என்ற கருதுகோள் உருவாயிற்று. தாளிப்பையும் மூன்று கூறாக்கலாம். கடுகு ஒலியால் அறியப்படுவது. கறிவேப்பிலை நீர்த்துளியோடு எண்ணெயில் விழுந்து சீறுவது. வரமிளகாய் தொண்டையால் அறியப்படுவது. கடுகுவரை கூடம் பொறுத்தது. கறிவேப்பிலைக்கு ஒரு கதவு திறக்கும் ஓசை. மிளகாய்க்கு ஆன்ட்டி இருமினார், பக்கத்து வீட்டில் ஒருவர் இருமினார், கீழ்த்தளத்தில் மாஜோங் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் இருமியதாக நம்பத்தகாத சான்று உண்டு.

இத்துறைக்கு வரலாறும் உண்டு. சீனாவிலிருந்து குடியேறிய குடும்பம் ஒன்று, பக்கத்து இந்தியக் குடும்பத்தின் குழம்பு வாசம் பொறுக்காமல் சமரச மையத்துக்குப் போனதாகவும், தாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் குழம்பு வைத்துக்கொள்ள அவர்கள் இசைவு பெற்றதாகவும் 2011இல் செய்தி வெளியானது. சிங்கப்பூர் கொதித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, தீவெங்கும் குழம்பு வைத்துப் பகிர்வது என்று பேஸ்புக்கில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாரும். ஒரு நாடு குழம்புக்காக இப்படித் திரண்டதைத் தமிழ்நாட்டில் நினைத்துப் பார்க்க முடியாது. அங்கே சாம்பாரா குழம்பா என்பதிலேயே பிரிந்துவிடுவோம். ஆனால் அந்த நாளும் அறை வாடகைக்காரருக்கு உதவாது. பக்கத்து வீட்டுக்காரரின் குழம்புக்குப் பண்பாட்டு உரிமை உண்டு. பக்கத்து அறைக்காரரின் குழம்புக்கு ஒப்பந்தம்தான் உண்டு.

சமைக்காவிட்டால் என்ன என்று ஒரு தடை எழுப்பலாம். எழுப்புவோர் கணக்குப் போடட்டும். அங்காடி நிலையத்தில் ஒரு வேளைக்கு ஐந்து வெள்ளி என்றாலும் மூன்று வேளைக்கு மாதம் 450. காமன் ரூம் வாடகையில் ஏறத்தாழ பாதி. ஆகவே 'சமையல் கூடாது' என்ற வரி ஒழுக்க விதிபோல் தோன்றினாலும், வாடகையின் இரண்டாம் தவணை என்க. அது வீட்டுக்காரருக்குப் போகாமல் கீழ்த்தளக் காப்பிக்கடைக்கும், சிராங்கூன் சாலையில் 1947 முதல் இட்லி போடும் கோமள விலாஸுக்கும் போகிறது. அங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. அந்த மரபைத் தினமும் மூன்று வேளை காத்துநிற்பவர்களில் அடுப்பு மறுக்கப்பட்டவர்களும் உண்டு என்பதை அப்பட்டியலுக்கு ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கும்படி கோரலாம்.

இயல் 4: முடிபு

மேற்கண்டவற்றைத் தொகுத்து, கடுகு முதல் மிளகாய் வரையுள்ள இடைவெளியை ஏழு படிநிலைகளாகப் பகுத்து, நீள்அட்டவணை ஒன்று வரைந்து, ஆன்ட்டியிடம் ஒப்புதலுக்குக் கொண்டுபோனேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. அட்டவணையை மேசையில் வைத்துவிட்டு என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். அடுப்புக்குப் பின்னாலிருந்த டைல்ஸில் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மஞ்சளாய் எண்ணெய் மினுங்கியது.

"இது ஒட்டுச்சுன்னா ஹெவி. ஒட்டலைன்னா லைட்" என்று பொருள்பட ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு ஒரு துணியை என் கையில் கொடுத்து, "நீ துடைச்சிட்டா எல்லாமே லைட்தான்" என்றார்.

இவ்விளக்கம் நெறியாளர் பார்வைக்கு அனுப்பப்பட்டது. ஒரே வரியில் முடிகிறது, மேற்கோள் இல்லை, யார் வேண்டுமானாலும் விரலால் சரிபார்த்துவிடலாம் என்று மூன்று குறைகளைச் சுட்டி அவர் அதை நிராகரித்தார். ஏழு படிநிலை அட்டவணை ஏற்கப்பட்டது. பணம் கட்டிய பதினைந்தாம் நாள் அது ஒரு பன்னாட்டு ஆய்விதழில் வெளிவரும்.

நன்றியுரையில் ஆன்ட்டியையும் சேர்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். நெறியாளர், நெறியாளரின் துணைவியார், நெறியாளரின் நெறியாளர், துறைத்தலைவர் ஆகியோருக்குப் பின் இடமிருந்தால் ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது. இடமில்லை.