கொஞ்சம் பிடிங்க தம்பி

"மெஷினே தொடமாட்டேன், எல்லாம் கைவேலை" என்று ஒருவர் சொன்னால், யாருடைய கை என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு முசியே அதற்கும் வழி வைப்பதில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலை தெரியும். "தம்பி, கொஞ்சம் பிடிங்க."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு யூரோவில் பென்ஷன் வாங்கும் சொல்தாக்களுக்கு உழவர்கரைப் பக்கம் பஞ்சமில்லை. சிலர் பெத்தாங் குண்டு உருட்டுவார்கள், சிலர் தெருவில் போகிறவர்களை விசாரிப்பார்கள். இவர் மரம் இழைக்கிறார். பாரீஸில் இருக்கும் பேத்தி விளையாட ஒரு மரச் சமையலறை: அடுப்பு, தொட்டி, அலமாரி, திருகினால் திரும்புகிற குமிழ். சொப்புச் சாமான் வாங்கினால் ஆகாதா, கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றி அழகாகத் தருகிறார்களே என்றேன். கடைசல் பட்டறையும் மெஷின்தான் என்றார். மகள் அங்கேயே ஐகியாவில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னதற்கு ஒரு வாரம் போனை எடுக்கவில்லை.

நம் ஊர் ஆசாரிகள் தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அமுக்கிக்கொண்டு தனியாளாக அறுப்பார்கள், இழைப்பார்கள். முசியேவுக்கு முழங்கால் மடங்காது. பலகையைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ் வாங்கிப் போடலாம். அதுவும் மெஷின் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆகவே அவருடைய கால் நான்தான். பலகையின் ஒரு முனையை நான் பிடிக்க, இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுப்பார். நிறுத்துவார். தடவிப் பார்ப்பார். அலகைக் கழற்றிச் சாணைக்கல்லில் எண்ணெய் விட்டுத் தேய்த்தபடியே பட்டாளக் காலத்து ஜிபூத்தி வெயிலைப் பற்றிச் சொல்வார். நான் பிடித்துக்கொண்டிருப்பேன். உள்ளே டீ குடிக்கப் போவார். "விட்டுடாதீங்க" என்று குரல் மட்டும் வெளியே வரும். கழுந்தைத் துளையில் இறக்கிப் பசை போடுகிற நாள்தான் கொடுமை. "முழுசா இறுக ஒரு நாள் ஆகும்" என்றார், பலகையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

பொறுக்காமல் நானே இரும்புக் கடைக்குப் போய் ஒரு ஜோடி சி-கிளாம்ப் வாங்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மரத்துல தழும்பு போட்டுடும் தம்பி. உங்க கை மெத்துனு இருக்கு." இப்போது அதில் குடை மாட்டியிருக்கிறார்.

மரத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் சாய்ந்த வேம்பு. அறுத்து மாடியில் அடுக்கி, காயட்டும் காயட்டும் என்று வைத்திருந்தார். அப்போது பேத்தியின் அம்மாவுக்கே கல்யாணம் ஆகவில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் கொட்டியதில் எல்லாம் நனைந்து, மறுபடி முதலிலிருந்து காய்ச்சல். அந்த ராத்திரி தார்ப்பாயின் மறுமுனையை யார் பிடித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அளவுத் தகராறு இன்னொரு பக்கம். மரவாடிக்காரர் அங்குலத்திலும் நூலிலும் பேசுவார். எட்டு நூல் ஓர் அங்குலம். இவருக்கு மில்லிமீட்டர்தான் வேதம். இடையில் நின்று 25.4-ஆல் பெருக்கியவனும் நானே.

ஆனால் அந்த அலமாரிக் கதவைப் பார்க்க வேண்டும். ஓர் ஆணி கிடையாது. விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் போய்ப் பொருந்துகிறது. விளிம்பையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, சிலாம்பு இருக்கிறதா என்று கையால் பார்க்க மாட்டார். கை காய்த்துப்போனதாம், அதற்குத் தெரியாதாம். குனிந்து கன்னத்தை வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். அதைப் பார்த்த பிறகு எப்படி முடியாது என்று சொல்வது?

சொல்லித்தான் ஆக வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவன் சும்மா இருக்கிறான் என்று இந்தப் பெரியவர்களுக்கு யார் சொன்னது? மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு மேலே தலை தெரிகிறது. காயப்போட்ட துணியெல்லாம் மரத்தூள். மத்தியானத் தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. எனக்கும் தோள்பட்டை வலிக்கிறது. அதை இங்கே கேட்பாரில்லை.

சமையலறை முடிந்தேவிட்டது. நாலு வயதுக் குழந்தைக்கென்று வைத்த ஐம்பது சென்டிமீட்டர் உயரம். பேத்திக்கு இப்போது ஆறு நடக்கிறது. வீடியோ காலில் கதவோரம் நிற்கவைத்துப் பார்த்தார். மேடை இடுப்புக்குக் கீழே போய்விடும். முகம் வாடவில்லை. "அடியில நாலு கால் கொடுத்துட்டா ஏறிடும். ஒவ்வொரு காலா ஒட்டணும். ஞாயித்துக்கிழமை வீட்லதானே இருப்பீங்க?"

விழுப்புரத்தில் ஒரு கல்யாணம் என்றேன்.

"முகூர்த்தம் காலையிலதானே?" என்றார்.