தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது

எங்கள் சங்கக் கூட்டங்களில் எந்தத் தீர்மானமும் ஒருமனதாகத்தான் நிறைவேறும். எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் இல்லை. பேசிக்கொண்டிருந்தால் வடை ஆறிவிடும்.

1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் வந்தது. ஊர் வாயில் அது 'டயட்'. முதல்வர், முதுநிலை விரிவுரையாளர், விரிவுரையாளர், இளநிலை விரிவுரையாளர் என்று உள்ளே நாங்கள் பல தரம். மேடை ஏறினால் 'ஆசிரியர்களுக்கே ஆசிரியர்கள்' என்று நிமிர்ந்து நிற்போம். இறங்கினால் பள்ளிக்கூடத்துக்காரர்கள் எங்களைக் கல்லூரிக் கணக்கில் எழுதுவார்கள், கல்லூரிக்காரர்கள் பள்ளிக்கூடக் கணக்கில் தள்ளுவார்கள். பிறகு சங்கம் வைக்காமல் என்ன செய்ய?

செயலாளர் ஸ்டென்சில் வெட்டி, கையெல்லாம் மையோடு சைக்ளோஸ்டைல் சுற்றறிக்கை எடுப்பார். கோரிக்கைகள் மனப்பாடம்: கல்லூரிக்கு இணையான ஊதியம், பதவி உயர்வு, பயணப்படி. மனுவை எடுத்துக்கொண்டு சென்னையில் பள்ளிக் கல்வித் துறைத் தலைமையகமான நுங்கம்பாக்கம் டிபிஐ வளாகத்துக்கு ராத்திரி பஸ் ஏறுவோம். உருப்படியான பேச்செல்லாம் அந்த பஸ்ஸில்தான் நடக்கும். ஹெர்பார்ட் படிகளை விட்டுவிட்டுப் பாடக்குறிப்பு எழுதலாமா, கூடாதா? ஐந்து நிமிட நுண்நிலைக் கற்பித்தலில் வாய் கிழியப் பேசும் பிள்ளை, அறுபது குழந்தைகள் இருக்கும் வகுப்பில் ஏன் ஊமையாகிவிடுகிறது? விழுப்புரம் தாண்டியும் சண்டை ஓயாது. நடவடிக்கைக் குறிப்பேட்டில் இதில் ஒரு வரிகூடக் கிடையாது. அங்கே இருப்பது பயணப்படி.

அந்தக் காலத்தில்தான் செயல்வழிக் கற்றல் வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில வருஷங்களில் மாநிலம் முழுக்கப் பரவியது. ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறையைக் கொண்டுவந்தவர் எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. குழந்தைகள் பாயில் உட்கார்ந்து, அட்டையை எடுத்து, ஏணிப்படியில் தங்கள் இடத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. நாங்களோ பயிற்சி மாணவர்களுக்கு, கடைசி பெஞ்சுக்குத் தெரிகிற மாதிரி பலகையில் எழுதுவது எப்படி என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம். கற்பித்தலில் ஒரு தலைமுறை கண்ட பெரிய மாற்றம் ஆசிரியர் கல்வியாளர்களைக் கேட்காமலே நடந்துவிட்டதே என்று சங்கம் கொதித்திருக்க வேண்டும். கொதித்தது; அந்தப் பயிற்சிகளுக்குப் போய்வர முன்பணம் தரவில்லை என்பதற்காக.

2012 ஜூலையில் தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு, ஊர் வாயில் 'டெட்'. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர். எழுதிய அத்தனை பேரும் எங்களைப் போன்ற யாரிடமோ படித்து, பட்டயமோ பட்டமோ வாங்கியவர்கள்தான். மண்டபம் முழுக்க ஆசிரியர் கல்வியாளர்கள் கூடினோம். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் போதாது என்று ஒருமனதாகக் கண்டுபிடித்தோம். அதில் நியாயமும் இருந்தது. அக்டோபரில் மறுபடி நடந்தபோது மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். அப்போதும் பெரும்பாலோர் தேறவில்லை. அதற்கான கூட்டம் போதிய வருகை இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது. இன்றுவரை ஒத்திவைப்பில்தான் இருக்கிறது.

இப்போது சங்கம் வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ஸ்டென்சில் இல்லை, மை இல்லை, பஸ் இல்லை. டிபிஐ வளாகத்துக்குப் பேராசிரியர் அன்பழகன் பெயர் வைத்தாகிவிட்டது. ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் டிபிஐதான். தீர்மானத்தை யாராவது பதிவிட்டால் வரிசையாகக் கட்டைவிரல்கள் எழும். ஒருமனதுக்கு அது போதும். காலையில் ரோஜாப்பூ, மாலையில் அகவிலைப்படிக் கணக்கு, நடுவில் மாறுதல் கலந்தாய்வு வதந்தி. பட்டயப் பயிற்சிக்குப் பிள்ளைகள் வருவது குறைந்துபோனதைப் பற்றி ஒருவர் நீளமாக எழுதினார். அதற்குக் கீழே அடுத்த பதிவு, ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. நூற்றுச் சொச்சம் பேர் வாழ்த்தினார்கள்.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி குழு கொஞ்சம் சூடானது. பணியில் ஐந்து ஆண்டுக்கு மேல் மீதமுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் வேலைக்குப் போனவர்கள், நரை விழுந்த பிறகு ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்ப வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் தெருவுக்கு வந்தன. நம் நிலைப்பாடு என்ன என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். தலைவர் கைகூப்பும் படம் போட்டார். ஆதரவா, அனுதாபமா, விட்டுவிடுங்கள் என்பதா, தெரியவில்லை. எல்லோரும் கட்டைவிரல் காட்டினோம்.

ஆனால் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிட்டது. என்னிடம் படித்த ஒரு பெண், இப்போது நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர்; தேர்வுக்கு உளவியல் படிக்கிறார்.

"ஐயா, பியாஜேக்கு நாலு நிலை, கோல்பர்குக்கு எத்தனைங்கய்யா?"

"மூணும்மா. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு உட்பிரிவு."

"அப்போ சொல்லிக் கொடுத்தீங்க, மறந்தே போச்சு. வகுப்புல எங்கயும் தேவைப்படல." சற்று நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஐயா, நீங்கள்லாம் டெட் எழுதியிருக்கீங்களா?"

"எங்க பதவிக்கு அது பொருந்தாதும்மா."

"யாருங்கய்யா சொன்னது?"

"சங்கத்துல தீர்மானம் போட்டிருக்கோம்."