கேள்வி இல்லை, ஒரு தகவல்

"யாருக்காவது கேள்வி இருந்தால்..." என்று தலைவர் இழுக்கும்போதே மைக் நம் வம்சப் பெருமைக்காரர் கைக்குப் போயிருக்கும். நடைபாதை ஓரத்து நாற்காலியை முன்கூட்டியே வந்து பிடிப்பது பின்னே எதற்கு? ஆகஸ்டில் மெட்ராஸ் வாரம் வந்து ஊரெல்லாம் சொற்பொழிவு நடந்தால், எல்லா அரங்கிலும் அந்த நாற்காலி அவர் பேரில்தான் பட்டா.

"கேள்வின்னு இல்லே சார், ஒரு சின்னத் தகவல்." அன்றைய பேச்சு கூவத்துப் பாலங்களைப் பற்றி. அவருக்குக் கவலையில்லை. பாலம் என்றால் ஆறு, ஆறு என்றால் காவிரி, காவிரி என்றால் தஞ்சாவூர், தஞ்சாவூர் என்றால் சரபோஜி, சரபோஜி என்றால் பக்கத்திலேயே நம்மவரின் கொள்ளுத்தாத்தா! மன்னருக்கு வலதுகை. பேச்சாளர் பாவம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சரபோஜி 1832-லேயே காலமாயிட்டாரே?" என்பார். "அப்போ எள்ளுத்தாத்தாவா இருக்கும்" என்று அசராமல் ஒரு தலைமுறை பின்வாங்கித் தொடர்வார். தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புவார். அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வெளியே காபி ஆறிக்கொண்டிருக்கும்.

இந்த அரங்குகளில் பல வருஷமாகக் கேட்டதில் ஒன்று நிச்சயம். எல்லோருடைய கொள்ளுத்தாத்தாவும் திவான், அல்லது துபாஷ், அல்லது கலெக்டர் துரையை எதிர்த்துப் பேசியவர். கடனுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டு ஓடியவர் ஒருவர்கூட இல்லை. மண்டபம் முகாமில் வரிசையில் நின்று இலங்கைத் தோட்டத்துக்குப் போனவரும் இல்லை. அவர்களுக்கெல்லாம் பேரப்பிள்ளைகளே பிறக்கவில்லை போலும்.

நூலகத்தில் நம்மவரைப் பார்க்க வேண்டும். "1871 சென்சஸ்ல தாத்தா பேர் இருக்குமே, எடுங்க" என்பார். இங்கிலாந்தில் 100 வருஷம் கழிந்ததும் வீடு வாரியாகப் பெயர் எழுதிய தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். இங்கே நமக்கு மிஞ்சியவை அச்சிட்ட தலைக்கணக்குகள்தான்; 1948-ஆம் வருஷச் சென்சஸ் சட்டமும் பெயர்த்தாள்களைக் காட்டக் கூடாது என்கிறது. பிறப்புப் பதிவா? நாடு முழுக்க அதைக் கட்டாயமாக்கிய சட்டமே 1969-இல்தான் வந்தது. ஆகவே தாத்தாவைத் தேட நல்ல வழி நிலம்தான். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடும் செட்டில்மென்ட் பதிவேடும் இருக்கின்றன. ஊர், தாலுகா, பசலி என்கிற வரிக்கணக்கு வருஷம் தெரிந்தால் போதும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம்.

காப்பக ஊழியர் பொறுமையாகத் தேடி எடுத்துத் தருவார். அதே ஊர், அதே பெயர், அதே தகப்பன் பெயர். இரண்டு ஏக்கர் புன்செய். நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு, "இது வேற ஆளு சார்" என்று மூடிவிடுவார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கொட்டும் மழையிலும் சொற்பொழிவுக்கு வருகிறவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் பல பேச்சாளர்கள் நாற்காலிகளிடம் பேசிவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனால் அவர் வரைந்து வைத்திருக்கும் வம்ச விருட்சத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மேசை கொள்ளாமல் விரிப்பார். ஏழு தலைமுறை, அத்தனையும் ஆண்கள். "பாட்டி பேர் என்ன சார்?" என்றால், "பாட்டின்னுதான் கூப்பிடுவோம்" என்கிறார். பாட்டியின் பெயர் அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் இருந்தது. எந்தச் சம்பந்தி எந்த ஊர் என்பதெல்லாம் மொய் நோட்டில் இருந்தது. இரண்டையும் வீடு மாறும்போது பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டாராம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோடு கல்யாணப் பத்திரிகைகளையும் சேர்த்துவைத்தார். இன்று அவர் பெயரில் தரமணியில் நூலகமே இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் மொய் நோட்டோ பழைய பத்திரமோ கிடந்தால், கடைக்குப் போடும்முன் ஏதாவதொரு நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். தயவுசெய்து, சொற்பொழிவு நடக்காத நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.