எடைமேடைக் கணினியின் மூர்ச்சை: காலமும் காரணமும் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் எடைமேடை அறைகளில், பழைய இரும்பு ஏற்றிவரும் லாரிகளுக்குச் சீட்டு அடித்துக் கொடுத்துக்கொண்டே, நாளொன்றுக்குப் பலமுறை மூர்ச்சையுற்றும் பின்னர்த் தெளிந்தும் காலங்கழிக்கும் பழைய மேசைக் கணினிகள் எக்காரணம் பற்றி நின்றுபோகின்றன என்னும் வினா, தொல்காப்பியர் காலம் யாது என்னும் வினாவுக்கு அடுத்தபடியாக இந்நாட்டில் மிகுதியாக விவாதிக்கப்பட்டு, அதே அளவுக்குத் தீராமலும் கிடக்கிறது. நூல் செய்வார்க்கு வேண்டிய உத்திகள் 32 என்று வகுத்த நன்னூலார், அணைத்துவிட்டு மறுபடி போடுதல் என்னும் 33ஆம் உத்தியைச் சொல்லாது விட்டது, அவர் காலத்தில் மின்சாரம் இன்மையால் நேர்ந்ததேயன்றி அறியாமையால் நேர்ந்ததன்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டு விஷயத்துக்குள் புகலாம்.

இத்துணை மூப்படைந்த யந்திரத்தை ஏன் மாற்றவில்லை என்று பூர்வபட்சி கேட்பார். மேடைக்கு அடியிலுள்ள லோட் செல்கள் உணர்ந்த எடை, மேசைமேல் இருக்கும் இண்டிகேட்டர் வழியாக, ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட்டில் வந்து இறங்குகிறது. இக்காலத்துக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் துவாரமே கிடையாது. அதற்கென ஒரு மாற்றுக் கேபிள் போட்டால் தீர்ந்தது என்பர் சென்னை ரிச்சி தெருவார். எடை போடும் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும் என்பர் மேடைக்காரர். அந்த எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் தன் ஆதரவை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்ட செய்தி, தேசிய நெடுஞ்சாலை வழியே எளாவூர்ச் சோதனைச்சாவடியைத் தாண்டி நேரே ஆந்திரத்துக்குப் போயிருக்க வேண்டும். சிப்காட் பக்கம் திரும்பியதாகத் தெரியவில்லை.

இனி, மூர்ச்சை ஐவகைப்படும். விசிறி தூசால் அடைபட்டு, செயலிக்கு மேல் பூசிய பசையும் காய்ந்துபோக, சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதுக்கு மேல் நிகழ்வது சூட்டு மூர்ச்சை. திரை நீலமாகிச் சில எழுத்துகளைக் காட்டி, எவரும் படித்து முடிக்குமுன் மறைவது நீல மூர்ச்சை. மௌன மூர்ச்சைக்கு உரை வேண்டா. நான்காவதான அலறல் மூர்ச்சையில் யந்திரம் பீப் பீப் என்று கத்தும். அப்போது ராம் பலகையைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, முதற் குழியில் இருந்ததை இரண்டாங் குழியிலும் இரண்டாங் குழியில் இருந்ததை முதற் குழியிலும் மாற்றிச் செருகுவது சம்பிரதாயம். முல்லைப்பாட்டின் சொற்களை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பெயர்த்து நச்சினார்க்கினியர் மாட்டிப் பொருள் கொண்டதை மறைமலையடிகள் கடிந்துரைத்தது அறிஞர் அறிந்ததே. எனினும் பெயர்த்துச் செருகியதால் யந்திரம் உயிர்பெற்றது என்னும் பெருமை நம்மவர்க்குண்டு. ஐந்தாவது அழுத்த மூர்ச்சை. பேட்டையின் இண்டக்ஷன் உலைகளும் உருட்டாலைகளும் மின்சாரத்தை வாரி இழுக்கும் கணத்தில், 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் அது தொய்ந்துவிட, எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி தாக்குப்பிடிக்காமல் விடுவதால் நேர்வது.

காரணம் காட்டுவதில் பட்சபேதங்கள் பல. பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் ஓடும் என்பது தட்டுநர் மதம். இதற்குப் பிரமாணம் இரண்டாம் ஷிப்டுக் காவலாளியின் வாய்மொழி, அதற்கு மறுப்பு முதல் ஷிப்டுக் காவலாளியின் சிரிப்பு. தட்டியதும் ஓடியதும் காகதாலீய நியாயமே என்று தள்ளுவாரும் உளர். இன்ன கிழமையில்தான் யந்திரம் அதிகம் நிற்கிறது என்று நிறுவ முயல்வார், எதிர்வரிசைத் தேநீர்க்கடையின் கடன் நோட்டில், டீக்கறை படிந்த நடு ஏட்டின் வலது ஓரத்தில், ‘டீ இரண்டு, வடை ஒன்று, சிஸ்டம் போச்சு’ என்று காணப்படும் வரியைக் காட்டுகின்றனர். இவற்றுள் ‘சிஸ்டம் போச்சு’ என்பது மையின் நிறம் வேறுபடுதலின் இடைச்செருகல் என்பர் ஒருசாரார். வடையே இடைச்செருகல் என்பர், அதற்குக் காசு கொடுக்க வேண்டியவர்.

ஆயினும் இத்துறையில் உண்மையான சுவை பயப்பது கால ஆராய்ச்சியே. தாய்ப்பலகையில் பொத்தான் அளவில் ஒரு சிறு பேட்டரி உண்டு. சிஆர்2032 என்பது அதன் பெயர், 3 வோல்ட் அதன் பலம், மின்சாரம் அறவே நின்ற வேளையிலும் நாளையும் நேரத்தையும் மறவாதிருத்தல் அதன் தர்மம். அது செத்துப்போனால், மின்வெட்டு வந்து நீங்குந்தோறும் யந்திரம் தான் பிறந்த காலத்துக்குத் திரும்பி, நம் மேடையில் உள்ளதைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் என்று சாதிக்கும். சரக்கோடு லாரி ஏறி நின்றபோது மொத்த எடை பதிவாகிறது. உள்ளே போய் இரும்பை இறக்குவதற்குள் மின்சாரம் போய்த் திரும்புகிறது. காலி எடை பதிவாகிச் சீட்டு வெளிவருகிறது. அச்சீட்டின்படி அந்த லாரி உள்ளே வந்தது 2024ஆம் ஆண்டு. வெளியேறியது அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்.

இங்குதான் வித்துவான்கள் இரு கட்சியாகப் பிரிகின்றனர். எழுதியிருப்பதை நம்பவேண்டும், ஆதலின் சீட்டு 2005ஆம் ஆண்டினதே, சிலரது பொறாமையே அதைப் பின்தள்ளுகிறது என்பது முற்காலக் கொள்கை. சீட்டின் தலைப்பில் 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் அச்சாகியிருத்தலையும், அவ்வரி 2017 சூலை முதல் நாள்தான் நடைமுறைக்கு வந்ததையும் காட்டி, அகச்சான்றால் மறுப்பது பிற்காலக் கொள்கை. முற்காலத்தார் சளைத்தாரல்லர். ஜி.எஸ்.டி. எண் பிற்காலத்து ஏடெழுதுவோன் சேர்த்தது. அதை நீக்கிவிட்டுப் படித்தால் சீட்டின் ஓசை கெடாது. ஓசை கெடாத யாவும் இடைச்செருகலே என்பது அவர் விடை. இவ்விரு கட்சியாரையும் சமரசம் செய்யப் புகுந்த மூன்றாமவர் ஒருவர், ஔவையார் பலர் எனக் கண்ட வழியே, டிஎன் 20 என்று தொடங்கும் இப்பதிவெண் தாங்கிய திருவள்ளூர் லாரிகள் இரண்டு என்றும், முன்னது காலியாகப் போயிற்று, பின்னது இரும்போடு வந்தது என்றும், இரண்டுக்கும் ஓட்டுநர் ஒருவரே என்றும், அவர் நீண்ட ஆயுள் உடையவர் என்றும் முடிவுகட்டி, அதன்மேல் ஒரு பட்டமும் பெற்றார். இம்மூவருள் சீட்டைக் கண்ணால் கண்டவர் எவருமிலர். முன்னெழுதியவர் எடுத்தாண்டதைப் பின்னெழுதியவர் எடுத்தாண்டு, அச்சுப்பிழையையும் விடாது போற்றி வந்திருக்கின்றனர். ஓட்டுநரைக் கேட்கலாமே என்றால், அவர் துறைசாராதவர்.

ஒருவேளைச் சாப்பாட்டுக் காசில் வாங்கக்கூடிய அந்தப் பேட்டரியை மாற்றிவிட்டால் இந்த ஆராய்ச்சித்துறை முழுவதும் ஒரே நாளில் அழிந்துபோகும் என்பதனாலேயே யாரும் அதை மாற்றவில்லை போலும்.

இனிச் சித்தாந்தம். திருவள்ளூரிலிருந்து பைக்கில் வரும் சர்வீஸ் தம்பி ஒருவர், பிரமாண நூல் எதுவும் பயிலாதவர், நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, “சார், கெப்பாசிட்டர் உப்பிடுச்சு” என்றார். அவர் விரல் வைத்த இடத்தில், செயலிக்குப் பக்கத்து வரிசையில், இரண்டு மின்தேக்கிகளின் தட்டையான தலை மேடிட்டு, உள்ளழுத்தம் மிகுந்தால் பிளந்து வழிவிடுவதற்காகவே தலையில் கீறி வைத்த குறுக்குக் கோட்டின் வழியே பழுப்பாக ஏதோ கசிந்து உலர்ந்திருந்தது. வெப்பம் 10 பாகை ஏறுந்தோறும் இவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 2000க்குப் பின்வந்த சில ஆண்டுகளில் உள்திரவம் பழுதான மின்தேக்கிகள் உலகெங்கும் பல கணினிப் பலகைகளில் ஏறிவிட்டதும் தெரிந்த கதையே. போதாக்குறைக்கு, இங்கே பலகைமேல் படிவது வெறும் புழுதியன்று. மின்சாரத்தைக் கடத்தும் இரும்புத்தூள், அதன்மேல் பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்று. இரண்டு மின்தேக்கிகளையும் மாற்றி, விசிறியைத் துடைத்து, புதுப்பசை பூசி, எர்த்தைச் சரிபார்த்து, யு.பி.எஸ். ஒன்றும் வைத்தால் இன்னும் சில காலம் ஓடும் என்று தம்பி சொன்னார். பிரத்தியட்சம் பிரமாணங்களுள் முதலாவதென்று நூல்கள் ஒப்பினும், இவர் கூற்றை அறிஞருலகம் இன்னும் ஏற்கவில்லை. அடிக்குறிப்பு இல்லை என்பது ஆட்சேபம்.

ஆகையால் ஆராய்ச்சி தொடர்கிறது. 2005 சனவரி முதல் நாள் என்று தேதியிட்ட எடைச்சீட்டு வைத்திருக்கும் அன்பர்கள், அதன் நகலை மாத்திரம் அனுப்பி உதவ வேண்டுகிறோம். மூலத்தை அனுப்ப வேண்டா. அதைக் காட்டினால்தான் லாரிக்காரருக்கு வாடகை கிடைக்கும்.