மாப்ள, அந்த ஒத்தப் பல்லு

வா மாப்ள, உட்காரு. மீசையை அப்புறம் முறுக்கிக்கலாம். வரப்புத் தகராறுல மண்வெட்டிக் காம்பைத் தூக்கி ஒரே வீச்சா வீசுனியாம், பங்காளியோட முன்பல்லு தெறிச்சு வாய்க்கால்ல விழுந்துச்சாம். அன்னிக்குச் சாயங்காலமே போன்ல ஸ்டேட்டஸ் வேற வச்சியாம், பின்னணியில பாட்டோட. ரொம்பச் சந்தோசம். சாட்சி தேடி அலையட்டும்னு அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஏட்டையாவை வச்சிருக்கு. அந்த மனுசனுக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்ட.

இப்ப வக்கீல் வைக்கணுங்கிற. டீக்கடையில பாதி வழக்கை நடத்தி முடிச்சிட்டுத்தானே இங்க வந்திருக்க? ‘323 தான் போடுவாங்க, அபராதம் கட்டிட்டு வந்திரலாம்’னு எவனோ சொன்னானாம். அந்த நம்பரெல்லாம் போச்சு ராசா. 2024 ஜூலை 1-ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா. நம்பர்தான் மாறிச்சு, வலி மாறல. வெறும் காயம்னா 115(2), கூடிப்போனா ஒரு வருசம். கொடுங்காயம்னா 117(2), ஏழு வருசம் வரைக்கும் போகும். அதையே ஆபத்தான ஆயுதத்தால பண்ணினேன்னு எழுதிட்டா 118(2). அதுல ஆரம்பமே ஒரு வருசம், பத்து வருசம் வரைக்கும் நீளும், ஆயுளுக்கும் இடம் வச்சிருக்கான்.

கொடுங்காயம்னா என்னான்னு சட்டத்துலயே வரிசையா எழுதியிருக்கு. கண்ணு பறிபோறது, காது கேளாமப் போறது, எலும்பு முறியுறதுன்னு பெரிய பெரிய சமாச்சாரமா வருது. அந்தப் பெரிய மனுசங்களோட பந்தியில ஓரமாப் பல்லும் உட்கார்ந்திருக்கு. பல்லு உடைஞ்சாலும் சரி, இடம் விட்டு நகர்ந்தாலும் சரி, கொடுங்காயந்தான். பழைய சட்டத்துல 20 நாள் கடும் வலியில கிடந்தாக் கொடுங்காயம். புதுசுல அதை 15 நாளாக் குறைச்சிட்டாங்க. நீ என்னடான்னா ‘சும்மா ஒத்தப் பல்லு மாமா’ங்கிற. அந்த ஒத்தப் பல்லு ஒரு வருசத்துக்கும் ஏழு வருசத்துக்கும் நடுவுல நிக்குது.

அதனாலதான் சொல்றேன், பத்திரம் எழுதிக் கொடுக்குற நம்ம சம்பந்தி வீட்டு வக்கீலு வேண்டாம். நல்ல மனுசன், வில்லங்கம் பார்க்குறதுல கெட்டிக்காரரு. ஆனா உனக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக் காகிதம் படிக்கிற ஆளு. அடிதடிக் கேசு அரிவாள்ல ஜெயிக்கிறதும் இல்ல, வாய்ச்சவடால்ல ஜெயிக்கிறதும் இல்ல. அடிபட்டவன் பெரியாஸ்பத்திரிக்குப் போனதும் டூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டுல எழுதுவாரு, ஏ.ஆர். காப்பிம்பாங்க. யார் அடிச்சா, எத்தனை பேரு, எதால, எத்தனை மணிக்கு. எவனும் யோசனை சொல்லிக் கொடுக்குறதுக்கு முன்னாடி வலியோட வந்த வார்த்தை அது. ‘தெரிந்த நபர் ஒருவர் கட்டையால் அடித்ததாக’ன்னு அதுல இருக்கும். ஊருக்குத் திரும்பி வந்து, நாலு பெரிய மனுசன் சுத்தி உட்கார்ந்து புகார் எழுதுறப்ப, அந்த ஒருத்தரு அஞ்சு பேராயிருப்பாரு, கட்டை அரிவாளாயிருக்கும். உன் அண்ணன் மெட்ராஸ்ல இருந்தாலும் ஏ3-ன்னு பேரு வந்திரும். இந்த ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கத் தெரிஞ்சவர்தான் உன் வக்கீல்.

பல்லுக்கும் காகிதம் உண்டு. பல் டாக்டர் பார்த்தாரா, எக்ஸ்ரே எடுத்தாங்களா, எடுத்தவர் சாட்சி சொல்ல வருவாரா, பல்லு அந்த அடியில போச்சா, முன்னாடியே ஆடிக்கிட்டு இருந்துச்சா? அவன் போன பங்குனிப் பொங்கல்லயே கறியைப் பின்பல்லுல ஒதுக்கித்தான் மென்னான், நானே பார்த்தேன். ஆனா நான் பார்த்தது கோர்ட்டுக்கு எதுக்கு? டாக்டர் கூண்டுல நிக்கிறப்ப அவர் வாயால வரணும். மண்வெட்டிக் காம்பு ஆபத்தான ஆயுதமா இல்லையாங்கிறதுக்கும் ஒரு வாதம் இருக்கு. இரும்புப் பக்கம் திரும்பி இருந்துச்சுன்னு எவனும் சொல்லாத வரைக்கும்.

எப்படி ஆளைக் கண்டுபிடிக்கிறதுன்னு கேக்குற. கோர்ட்டுக் கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. ஒரு முற்பகல் போய்க் கடைசி பெஞ்சுல உட்காரு, போனை அமத்திட்டு. எந்த வக்கீல் சத்தம் போடுறாருன்னு பார்க்காத. சத்தம் கட்சிக்காரனுக்காகப் போடுறது. சாட்சி தன்னை அறியாம ஒரு வார்த்தையை விட்டதும் சட்டுனு கேள்வியை நிறுத்திட்டு உட்கார்றாரே, அவரைக் கவனி. ‘ஜட்ஜு நமக்கு வேண்டியவரு’ம்பான் ஒருத்தன், அவன்கிட்ட டீ மட்டும் குடிச்சிட்டு வா. ‘ஜெயிச்சாக் காசு கொடு’ன்னு ஒருத்தர் சொன்னா அது தர்மம்னு நினைச்சு உருகாத, அப்படிப் பேரம் பேசக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவுன்னு முதல்லயே பேசிக்க, ரசீது கேளு. வக்காலத்துல கையெழுத்துப் போடு, வெத்துத் தாள்ல போடாத. காசே இல்லேன்னா கோர்ட்டு வளாகத்துலயே இலவச சட்ட உதவி இருக்கு. 15100-க்கு ஒரு போன் போட்டாலும் வழி சொல்லுவாங்க. ஆனா நீ ஸ்டேட்டஸ் வைக்கிற போனோட விலை ஊருக்கே தெரியும்.

அடுத்து உன் கதை. வர்ற வழியில ரெண்டு கதை தயார் பண்ணி வச்சிருக்க. ஒண்ணு, அன்னிக்கு நீ பழனிக்குப் போயிருந்த. இன்னொண்ணு, அவன்தான் முதல்ல அருவாளோட வந்தான், நீ உசிரைக் காப்பாத்திக்கக் காம்பை எடுத்த. ஏன் மாப்ள, பழனியில இருந்தவன் வாய்க்கால்ல எப்படி உசிரைக் காப்பாத்துன? தன்னைக் காத்துக்க அடிச்சா அது குத்தமில்லைன்னு சட்டம் இடம் கொடுக்குது, நெசந்தான். ஆனா எவ்வளவு அவசியமோ அவ்வளவுதான். அவன் ஓடினப்புறம் துரத்திப் போய் அடிச்சா அது வேற கணக்கு. ரெண்டுல எதுங்கிறதை நீ முடிவு பண்ணாத. நடந்ததை நடந்தபடி வக்கீல்கிட்டக் கொட்டு, ஸ்டேட்டஸ் வச்சது உள்பட. அதை இப்ப அழிக்கலாமான்னு என்கிட்டக் கேக்காத. பார்த்தவன்ல பாதிப் பேரு பங்காளி வீட்டு ஆளு, படம் பிடிச்சு வச்சிருப்பான். வக்கீல்கிட்டச் சொன்னதை அவர் வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டமே காவல் நிக்குது. உன் மச்சான்கிட்டச் சொன்னதுக்கு எந்தக் காவலும் இல்ல.

தலையில கட்டுப் போட்டுக்கிட்டுப் பெரியாஸ்பத்திரியில படுத்திரலாம்னு உன் சேக்காளி யோசனை சொன்னானாமே. படு. ‘வெளிக்காயம் ஏதுமில்லை’ன்னு டாக்டர் எழுதுவாரு. அந்தத் தாளை எதிர்த்தரப்பு சட்டம் போட்டு மாட்டும். உன் மணிக்கட்டு வீங்கியிருக்குல்ல, அது நெசம். அதை இன்னிக்கே போய்க் காட்டு. அவன் அடிச்சதும் நெசம்னா நீயும் புகார் கொடு, ரசீது வாங்கிக்க.

ஸ்டேசன்ல இருந்து கூப்பிட்டா ஓடி ஒளியாத. ஏழு வருசத்துக்கு உட்பட்ட குத்தத்துக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கைது பண்ணக் கூடாது, முதல்ல நோட்டீஸ் கொடுன்னு 2014-லயே சுப்ரீம் கோர்ட்டு அர்னேஷ் குமார் வழக்குல சொல்லியிருக்கு. நோட்டீஸ் வந்தா வக்கீலைக் கூட்டிக்கிட்டு ஒழுங்காப் போ. போகாம இருந்தா அதையே காரணமாச் சொல்லித் தூக்கலாம். 118(2) விழுற மாதிரி இருந்தா அது உரிமையா ஜாமீன் கேக்க முடியாத பிரிவு; முன்ஜாமீனுக்கு மதுரையில செசன்ஸ் கோர்ட்டு இருக்கு, அங்க இல்லேன்னா ஹைகோர்ட்டுக் கிளை இருக்கு. ஸ்டேசன்ல வீராப்புப் பேசாத. போலீஸ்கிட்ட நீ ஒத்துக்கிட்டதைக் கோர்ட்டு ஏத்துக்காது. ஆனா ‘காம்பை இந்தப் படப்புக்குள்ளதான் ஒளிச்சு வச்சேன்’னு கூட்டிட்டுப் போய் எடுத்துக் கொடுத்தேன்னு வையி, அந்த வார்த்தை மட்டும் உள்ள வந்திரும்.

ராஜியா? ஆகலாம். சின்னக் காயம்னா அடிபட்டவன் சம்மதிச்சாப் போதும். ஆயுதத்தோட கொடுங்காயம்னா கீழ்க்கோர்ட்டுல ராஜிக்கே இடமில்ல, ரெண்டு பேரும் ஹைகோர்ட்டுக்குப் போய் ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கணும், அதுவும் அவங்க மனசு வச்சா. இப்ப நாலு பேரோட அவன் வீட்டு வாசல்ல போய் நிக்காத. சாட்சியை மிரட்டினான்னு உன் ஜாமீன் பறிபோகும். அவனுக்கும் கோபம் ஆறணும், பல்லும் கட்டணும். பல்லு கட்டுற செலவை யாரு ஏத்துக்குறதுன்னு வக்கீல் மூலமாப் பேச்சு வரட்டும். வாய்தாவுக்கு மட்டும் தவறாமப் போயிரு. ஒரு தடவை தப்பினா பிடிவாரண்டு வந்து வாசல்ல நிக்கும்.

ஜாமீன் கிடைச்சா ரெண்டு பேரு ஜாமீன்தாரர் நிக்கணும், ஆதாரும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கிட்டு. என்னைப் பார்க்காத. நம்ம வீட்டு ரசீது உங்க அத்தை பேர்ல இருக்கு. உள்ள அடுப்படியிலதான் இருக்கா, நீயே போய்க் கேளு. போன தீபாவளிக்கு அவ வெள்ளாட்டை விரட்டி வேலிக் கம்பியில மாட்ட வச்சது யாருன்னு அவளுக்கு நல்லா ஞாபகம் இருக்கு.