கோத்திரம் இல்லாத இன்ஜின்

அமெரிக்காவில் ஒரு பழைய இரும்புக் கடை. அடிபட்ட மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து கழற்றிப் போட்ட இன்ஜின் ஒன்று மூலையில் கிடக்கிறது. பெயர் 13பி. பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. உள்ளே வயிறு உப்பிய சமோசா போல இரண்டு முக்கோணங்கள், அறைக்கு 654 சிசி. கழற்றும்வரை நன்றாக ஓடியதாம். கடைக்காரர் சத்தியம் செய்கிறார். உலகெங்கும் பழைய இன்ஜின் விற்பவர்கள் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள்.

அதை வாங்கி, தன் கையால் கட்டிய விமானத்தின் மூக்கில் மாட்டப்போகிறார் ஒருவர். இன்ஜினின் பின்பக்கத்தில் 54 மில்லிமீட்டர் நட்டு ஒன்று. அதை அசைப்பதற்குள் பாதி நாள் போய்விடும். நீள போல்டுகளை உருவிவிட்டால், இன்ஜின் டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும். உள்ளே கரி. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஓர் இரும்புப் பட்டை, மொத்தம் ஆறு. சுற்றுச்சுவரை உரசியபடி அழுத்தத்தைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டைகள்தான். 1957இல் ஜெர்மனியில் இந்த வகை, அதாவது வாங்கல் இன்ஜின், முதன்முதலாக ஓடிய நாள் தொட்டு அத்தனை பேரின் தூக்கத்தையும் கெடுத்தவை இவையே. ஜப்பானில் மஸ்டா பொறியாளர்கள், பட்டை அதிர்ந்து சுவரில் விழுந்த கோடுகளுக்குப் பிசாசின் நகக்கீறல் என்றே பெயர் வைத்தார்கள். நம்மவர் அந்தச் சுவரை விளக்கொளியில் தடவிப் பார்க்கிறார். குரோம் பூச்சு உரிந்திருந்தால் ஹவுசிங்கையே தூக்கிப்போட வேண்டும். எல்லாம் சேர்த்து முடுக்கிய பிறகு தண்டின் முன்பின் ஆட்டம் 0.04க்கும் 0.07 மில்லிமீட்டருக்கும் நடுவே நிற்க வேண்டும். நிற்காது. மறுபடி பிரி, வேறு ஸ்பேசர் போடு, மறுபடி முடுக்கு.

இவ்வளவு பாடுபட்டவருக்கு அரசு தரும் மரியாதை என்ன? விமானக் கதவருகே ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்தின் உயரம் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஏறுகிறவர் வாசலிலேயே அறிந்துகொள்ளட்டும், இது எந்த வகையறா என்று. சான்று பெற்ற இன்ஜினும் புரொப்பல்லரும் மாட்டியிருந்தால் சோதனைப் பறத்தல் 25 மணி நேரத்தில் முடிந்திருக்கும், மாட்டாததால் 40. அதே ஆள், அதே கொட்டகை, அதே ஸ்பானர். கூடுதல் 15 மணி நேரம் கோத்திரம் இல்லாத குற்றத்துக்கு.

இதைக்கூட நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். வானத்தில் பட்டை உடைந்தால் ஓரங்கட்ட இடமில்லை, எச்சரிக்கை நியாயமே. என் வயிறு எரிவது எதிர்வீட்டைப் பார்த்து.

எதிர்வீட்டில் குடியிருப்பவை 1950களில் பிறந்து, முறைப்படி சான்று பெற்று, பரம்பரைப் பெருமையோடு இன்றும் பறக்கும் உயர்குலத்து இன்ஜின்கள். அவை அருந்தும் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. அந்தப் பெட்ரோலின் பெயரிலேயே ‘குறை ஈயம்’ என்று போட்டிருக்கிறார்கள். குறைதான்; காலனுக்கு 2.12 கிராம் வரை போகலாம், அவ்வளவே. இதே நாடு கார் பெட்ரோலுக்கு 1986இல் வைத்த உச்சவரம்பு 0.1 கிராம். அதுவும் ஆகாது என்று 1996இல் சாலை வாகனங்களுக்கு அடியோடு தடை. தரையில் விஷம் என்று விரட்டப்பட்டது, ஆயிரம் அடி உயரத்தில் தீர்த்தமாகிவிடுகிறது.

விஷமென்று தெரியாதா? பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று 1921இல் கண்டுபிடித்தவர் தாமஸ் மிட்க்லி. 1924இல் நியூஜெர்சி ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் அந்த ஈயத்தால் புத்தி பேதலித்துச் செத்தார்கள். மிட்க்லி பத்திரிகையாளர்களைக் கூட்டி, அந்த ஈயத் திரவத்தில் கை கழுவிக் காட்டினார். கழுவிய கை இன்றுவரை கழுவிக்கொண்டேயிருக்கிறது. 2017இல் மட்டும் பிஸ்டன் விமானங்கள் அமெரிக்கக் காற்றில் கலந்த ஈயம் அந்நாட்டு டன் கணக்கில் சுமார் 470. காற்றில் சேர்ந்த மொத்த ஈயத்தில் ஏறத்தாழ 70 சதவீதம். இத்தனைக்கும் பல சிறு விமானங்களுக்கு ஈயமே தேவையில்லை. ஆனால் நிறைய விமான நிலையங்களில் இருப்பது ஒரே பம்பு.

இரும்புக் கடை 13பியோ காருக்குப் போடும் சாதாரணப் பெட்ரோலில் ஓடும். கூடுதலாகக் குடிக்கும், ஊரைக் கூட்டும் சத்தம் போடும், கொஞ்சம் எண்ணெயையும் எரிக்கும். ஈயத்தைக் கேட்காது. எச்சரிக்கைப் பலகை இதற்கு. ஈயம் கக்குவதன் கதவில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

கலிபோர்னியாவில் ரீட்-ஹில்வியூ என்றொரு சின்ன விமான நிலையம், சுற்றிலும் வீடுகள். அருகே வாழும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதல் என்று 2021இல் ஓர் ஆய்வு சொன்னது. மாவட்ட நிர்வாகம் 2022 ஜனவரி முதல் ஈயப் பெட்ரோல் விற்பதில்லை என்று முடிவெடுத்தது. மத்திய அரசின் விமானத் துறை விசாரணையைத் தொடங்கியது. ஈயத்தின் மீதா? விற்க மறுத்த மாவட்டத்தின் மீது!

2023 அக்டோபரில் அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம், விமானப் பெட்ரோலின் ஈயம் மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து என்று முறைப்படி அறிவித்தது. ஏழு மாதம் கழித்து, 2024 மே மாதம், ஒரு சட்டம் கையெழுத்தானது. 2022இல் குறை ஈயப் பெட்ரோல் கிடைத்த விமான நிலையம் எதுவும், தகுந்த மாற்று வராதவரை, 2030 டிசம்பர் முடியும்வரை அதன் விற்பனையைத் தடுக்கக் கூடாது என்கிறது அது.

ஈயம் மிக மோசமாகக் கெடுப்பது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூளையை. அந்த மே மாதம் பிறந்த குழந்தைக்குக் கெடு முடியும்போது ஆறு வயது தாண்டியிருக்கும்.