உகந்தை வாசலுக்கு ஒரு மகஜர்

உகந்தைக் காட்டு வாசலைத் திறக்கவும் பூட்டவும் அதிகாரம் பெற்ற பெரியோருக்கு,

திருகோணமலையிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் சாமிமார் சார்பில் எழுதுவது.

கோணேசரைக் கும்பிடவே பிரட்றிக் கோட்டைக்குள், இராணுவ முகாமைத் தாண்டிப் போகிறவர்கள் நாங்கள். வாசலும் காவலும் எங்களுக்குப் புதிதல்ல. ஏன் பூட்டுகிறீர்கள் என்று கேட்க வரவில்லை. எப்போது திறப்பீர்கள் என்பதைக் கொஞ்சம் முந்திச் சொன்னால் போதும்.

வடக்கே செல்வச்சந்நிதிக் கோயிலில் வேலெடுத்துப் புறப்படும் கூட்டம் முல்லைத்தீவு கடந்து எங்கள் ஊருக்கு வந்து, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கரையோரமாய் இறங்கும். மாதம் தாண்டும் நடை. கதிர்காமக் கொடியேற்றம் அமாவாசையைப் பார்த்து வருவதால் ஒரு வருடம் ஜூனில் விழும், இன்னொரு வருடம் ஜூலையில் விழும். அந்த நாளைப் பஞ்சாங்கக்காரர் எப்போதோ அச்சடித்து விற்றுவிட்டார். உங்கள் கூட்டங்களில் மட்டும் சந்திரன் எப்போது தேய்வான் என்பது கடைசிவரை ஆராயப்படுகிறது.

உகந்தை தாண்டினால் குமண. 1985இலிருந்து 2003வரை யுத்தத்தால் மூடிக்கிடந்த பூங்கா. குமுக்கன் ஆறு கடந்தால் யால. பிறகு நாவலடி, வியாழை, கட்டகாமம். அந்த மாதங்களில் அங்கே பல ஆறுகளில் தண்ணீர் இராது, மணல்தான். மணலைத் தோண்டி, ஊறிவரும் நீரைத் துணியில் வடித்துக் குடித்துப் போனது எங்கள் பழைய தலைமுறை. யானைக்கும் அந்த வித்தை தெரியும். இப்போது பவுசர் வருகிறது, அதற்கு நன்றி.

ஆனால் வாசலைச் சில நாட்களுக்கு மட்டும் திறந்தால் என்னவாகும்? முன்னால் குவிந்த பல்லாயிரம் பேரும் ஒரேயடியாய் உள்ளே பாய்வார்கள். காடு சந்தையாகும். பிறகு, 'சனம் கூடிவிட்டது, காட்டுக்குப் பாதிப்பு' என்று கோப்பில் எழுதி, அடுத்த வருடம் இன்னும் சில நாட்களைக் குறைக்க யோசிப்பீர்கள். பக்கத்து யாலவில் சிறுத்தை பார்க்க முண்டியடிக்கும் ஜீப்புகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாதோ?

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. தண்ணீர்ப் போத்தலும் சொப்பிங் பையும் தாங்களாக அரோகரா போட்டு நடந்து போகவில்லை; சாமிமார்தான் கொண்டுபோய் எறிந்தார்கள். பையைச் சோதியுங்கள், தண்டம் போடுங்கள். நாட்களைப் பறிமுதல் செய்யாதீர்கள்.

வள்ளியை வெருட்ட யானையாய் வந்த பிள்ளையார் இன்றைக்கு வந்தால், வனவிலங்கு என்று மரியாதையாய் வழிவிடுவீர்கள். கிழவனாய் வந்த தம்பி முருகனிடம்தான் அடையாள அட்டை கேட்பீர்கள்.

மறுமொழியை வெருகல் கோயிலடிக்கு அனுப்பினால் கிடைக்கும். பிந்தினால் உகந்தைக்கே அனுப்பலாம். அங்கே எப்படியும் காத்துக்கொண்டுதான் இருப்போம்.

இப்படிக்கு,
வேலும் தடியும் தவிர வேறு ஆயுதமில்லாத
திருகோணமலைச் சாமிமார்